மெரினாவில் நிற்கும் பாதிரியார்கள்



1968 சனவரி. சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு. முதலமைச்சர் அண்ணா, நடப்பது பெரியார் பாசறையில் வளர்ந்தவர்களின் ஆட்சி. அந்த ஆட்சியில்தான் மெரினாவில் ஜி.யு. போப், கால்டுவெல், வீரமாமுனிவர் ஆகியோருக்குச் சிலைகள் எழுந்தன. மூவருமே வேதம் சொல்ல வந்த பாதிரியார்கள். வீரமாமுனிவர் இத்தாலியர், மற்ற இருவரும் பிரிட்டிஷ் குடிமக்கள்.

தமிழ் வடமொழியின் கிளை அன்று, திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று 1856-இல் ஒப்பிலக்கணம் எழுதி நிலைநாட்டியவர் கால்டுவெல். எல்லிஸ் 1816-லேயே தொட்ட கருத்துத்தான்; அதை உலகம் ஏற்கும்படி விரித்தவர் இவர். திராவிட இயக்கம் அவரைத் தன் முன்னோராகவே ஏற்றுக்கொண்டது.

நெல்லைச் சீமையின் இடையன்குடிக்குப் போய்ப் பாருங்கள். 1841-இல் அங்கே குடியேறிய கால்டுவெல், 1847-இல் தொடங்கிய தேவாலயத்தை 1880-இல்தான் முடித்தார். முப்பத்து மூன்று ஆண்டு! அந்த ஆலயத்தின் பீடத்தடியில்தான் அவர் உடல் இருக்கிறது. அதே ஊரில் அவர் வாழ்ந்த வீடு, 2011 முதல் தமிழக அரசின் நினைவில்லம். லண்டனில் கடற்படைத் தளபதி நெல்சன் புனித பவுல் பேராலயத்திலேயே உறங்குகிறார். அங்கே நாடும் திருச்சபையும் ஒரே கூரையில் வணங்குகின்றன. இங்கே உடல் சபைக்கு, வீடு அரசுக்கு என்று பாகப்பிரிவினை.

எல்லா வெள்ளையரையும் நாம் கொண்டாடிவிடவில்லை. 1857-இல் கான்பூரில் கைதிகளை இரத்தக் கறையைத் துடைக்க வைத்துத் தூக்கிலிட்ட பிரிட்டிஷ் படைத்தளபதி நீல், அது ஆண்டவன் இட்ட கடமை என்றே நம்பியவர். மவுண்ட் ரோட்டில் நின்ற அவர் சிலையை எதிர்த்து 1927-இல் இளைஞர்கள் சிறை சென்றார்கள். 1937-இல், இராஜாஜி ஆட்சியில், சிலை அருங்காட்சியகத்துக்குப் போனது.

பென்னிகுக் கதை வேறு. 1895-இல் முல்லைப் பெரியாறு அணையை முடித்து, மேற்கே ஓடிய தண்ணீரைக் கிழக்கே வைகைக்குத் திருப்பியவர். சனவரி 15 அவர் பிறந்தநாள். தைப் பொங்கலோடு சேர்ந்து வருகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் அன்று அவருக்கும் பானை பொங்கும், படத்துக்கு மாலை விழும். அவர் எந்தச் சபை என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

கால்டுவெல்லை அப்படிப் பிரித்தெடுக்க முடியாது. அவர் தமிழ் படித்ததே மதம் பரப்பத்தான். சாணார் சமூகத்தைத் தாழ்த்தி 1849-இல் ஒரு நூல் எழுதினார். அது அந்த மக்கள் நெஞ்சைச் சுட்டது. அதை எதிர்த்த சட்டாம்பிள்ளை வெள்ளைப் பாதிரிமாரை விட்டு விலகினார்; இயேசுவை விடவில்லை. 1857-இல் இந்துக் கிறிஸ்தவ சபை என்று தனிச் சபையே கண்டார்.

கல்வராயன் மலைப் பள்ளிகளின் ஆசிரியப் பெருமக்களே, பிள்ளைகளுக்கு 1856-ஐச் சொல்லும்போது 1849-ஐயும் சொல்லுங்கள். கால்டுவெல் பெயரைச் சொல்லும் வகுப்பிலேயே சட்டாம்பிள்ளை பெயரையும் சொல்லுங்கள்.