நாலு பேருக்கு ஒரு பேராசிரியர்

பல்கலைக்கழகத்தில் ஒரு வெளிநாட்டு மொழி படிக்க நாலே பேர்தான் வருகிறார்கள். அந்தத் துறையை நடத்துவதா, மூடுவதா? பதில் சொல்லுமுன் ஒரு பழைய கதையைப் பாருங்கள். 1957-இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை விண்ணுக்கு அனுப்பியது. அமெரிக்கா ஆடிப்போனது. அடுத்த வருஷமே ஒரு சட்டம் போட்டார்கள். அறிவியலுக்கும் கணக்குக்கும் பணம் ஒதுக்கினார்கள். அது எதிர்பார்த்ததுதான். கூடவே மொழிகளுக்கும் ஒதுக்கினார்கள்! ரஷ்ய மொழி, சீன மொழி, ஏன், நம் தமிழுக்கும்கூட அங்கே அந்தப் பணம் உதவியது. பயம் வந்தபிறகுதான் ஆள் தேடினார்கள். மொழி தெரிந்த ஆளை ஒரே நாளில் உண்டாக்க முடியாது. வருஷக்கணக்கில் ஆகும்.

இப்போதோ தலைகீழ். 2023-இல் அதே அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம், பணமுடை என்று சொல்லி வெளிநாட்டு மொழிப் பட்டப்படிப்புகளை நிறுத்த முடிவுசெய்தது. அவற்றுக்கு மாற்றாக மொழி கற்றுத்தரும் செயலியைக்கூட யோசித்தார்கள். கைப்பேசியே மொழிபெயர்க்கிறதே என்பீர்கள். கடையில் விலை கேட்க அது போதும். அறுவைச் சிகிச்சைக்குக் கையெழுத்து வாங்கும் படிவத்தை அது சரியாக மொழிபெயர்த்ததா என்று யார் பார்ப்பது? அந்த மொழி படித்தவர்தானே! நாலு பேருக்கு ஒரு பேராசிரியரா என்பது நியாயமான கேள்விதான். ஆனால், உறைமோருக்கு ஒரு கரண்டிகூட வைக்காமல் தயிரை வழித்துச் சாப்பிட்டுவிட்டால், நாளைக்குப் பால் இருந்தும் தயிர் இல்லை. அந்த நாலு பேரில் ஒருவர்தான் நாளைய ஆசிரியர். செலவுதான் கவலை என்றால், பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஓர் ஆசிரியரைப் பகிர்ந்துகொள்ளலாம். இணையவழி வகுப்புக்குத்தான் இப்போது எல்லாரும் பழகிவிட்டோமே.