நீருக்குள் வளரும் ஊசித்தட்டான்

குளக்கரையில் கோரைத் தண்டைப் பற்றிக்கொண்டு, இறக்கைகளை முதுகின்மேல் சேர்த்து வைத்தபடி அமர்ந்திருக்கும் ஊசித்தட்டானைப் பார்த்திருப்பீர்கள். இறக்கை முளைத்தபின் அது வாழ்வது பெரும்பாலும் சில வாரங்கள்தான். அதற்கு முன் பல முறை தோலுரித்து, நீருக்கடியிலேயே வளர்கிறது. அந்த இளம் பருவத்தை அடையாளம் காண்பது பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் வாலைப் பாருங்கள். ஒல்லியான வயிற்றின் நுனியில் பொதுவாக இலை வடிவத்தில் மூன்று செவுள் தகடுகள் இருக்கும். பெரிய தட்டானின் இளம் உயிரிக்கு இவை கிடையாது. அதன் உடல் தடித்தது, வயிற்று நுனியில் குட்டை முட்களே உண்டு. மேஃபிளை என்ற பூச்சியின் இளம் உயிரியிடம்தான் ஏமாந்துவிடுவோம். அதற்கும் பெரும்பாலும் மூன்று வால்கள். ஆனால் அவை மெல்லிய இழைகள். செவுள்கள் வயிற்றின் பக்கவாட்டில் இருக்கும். அதன் கால் நுனியில் ஒரே நகம், ஊசித்தட்டானுக்கு இரண்டு.

வாலை மட்டும் நம்பிவிடவும் கூடாது. எதிரி பிடித்தால் ஊசித்தட்டான் தகட்டை விட்டுவிட்டுத் தப்பும். அடுத்தடுத்துத் தோலுரிக்கும்போது அது மறுபடி வளரும். அதனால் வாயையும் பார்க்க வேண்டும். கீழுதடு, மடக்கிய முழங்கையைப் போலத் தலைக்கு அடியில் கிடக்கும். இரை நெருங்கியதும் சட்டென்று நீண்டு கவ்வும். நீரில் வாழும் பூச்சிகளில் தட்டான் இனத்துக்கு மட்டுமே உள்ள உறுப்பு இது. என்னைக் கேட்டால், இதைவிட நம்பகமான அடையாளம் இல்லை.

குடும்பத்தைப் பிரிக்கவும் இந்த உதடு உதவும். லெஸ்டிடே குடும்பத்தில் பலவற்றுக்கு அது அடியில் குறுகி, நுனியில் அகன்று, மிக நீளமாக இருக்கும். கலோப்டெரிஜிடே குடும்பத்துக்கோ உணர்கொம்பின் முதல் கணு அசாதாரண நீளம். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் பாறையைப் பற்றி வாழும் யூஃபெயிடே வகைக்குத் தகடுகள் பைபோல் உப்பியிருக்கும். வயிற்றின் பக்கங்களிலும் செவுள்கள் உண்டு.

நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே இனத்திலேயே அது மாறும். எந்த இனம் என்று சொல்ல, கடைசிப் பருவ உயிரியின் உதட்டு மயிர்களை உருப்பெருக்கியில் எண்ண வேண்டிவரும். அதற்காக உயிரோடு பிடிக்கத் தேவையில்லை. இறக்கை விரித்துப் பறந்த ஊசித்தட்டான், தன் கடைசித் தோலை நாணலிலோ கல்லிலோ விட்டுப்போகும். அதை ஒரு சிறு டப்பாவில் எடுத்து வையுங்கள். இடம், தேதி, ஓடும் நீரா தேங்கிய நீரா என்பதை ஒரு சீட்டில் எழுதி உள்ளேயே போடுங்கள். சீட்டு இல்லாத தோல் ஆய்வுக்குப் பெரிதாக உதவாது.