வாகனக் காட்சியும் ஊர் அறமும்

வாகனம் புறப்படும் நாளில் ஊர் திரளும். திரண்ட இடத்திலே காணிக்கை சேரும். சேர்ந்த காணிக்கை அன்னதானமாகிப் பசித்தோரைச் சென்றடையும். ஆடிவேல் விழாவின்போது கொழும்புச் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வேல் எழுந்தருளுவதைக் காணக் காலி வீதியோரம் காத்து நின்ற வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை மக்களுக்கு இவ்வுண்மையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கண்ணுக்கினிய காட்சியையும் கைக்குரிய ஈகையையும் ஒரே நாளில் இணைத்து வைத்தனர் முன்னோர்.

அவ்வழக்கத்தின் புதிய கிளையெனத் தகுவது, பழைய மோட்டார் வண்டிகளைத் திடலொன்றில் அணிவகுத்து நிறுத்தி, நுழைவுச் சீட்டு விற்று, வரும் பணத்தை ஊரிலுள்ள அறநிலையத்திற்கு வழங்கும் வாகனக் காட்சியாகும். இதனை வெறும் பொழுதுபோக்கென்று தள்ளுவோரும் உளர். பணம் சேர்ந்தால் போதும், வேறென்ன வேண்டும் என்போரும் உளர். இருசாராரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். யாருக்காகப் பணம் சேர்க்கப்படுகிறதோ, அவருக்கு அந்தக் காட்சியில் இடமுண்டா என்பதே அது.

முதலில் வண்டிகளைப் பற்றிச் சில சொற்கள். மோட்டார் வண்டி மணிக்கு 4 மைலுக்கு மேல் ஓடலாகாது என்றிருந்த வேக எல்லை 14 மைலாக உயர்த்தப்பட்டதைக் கொண்டாட, 1896 நவம்பர் 14 ஆந் திகதி லண்டனிலிருந்து பிரைட்டன் நகருக்கு வண்டிகள் ஓடின. 1927 இல் அவ்வோட்டம் நினைவு விழாவாக மீண்டும் நடத்தப்பெற்றது. 1905 க்கு முன் செய்யப்பட்ட வண்டிகளுக்கே இன்றும் அதில் இடமுண்டு. புதுடில்லியில் 1964 ஆம் ஆண்டில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை பழைய வண்டிகளின் ஊர்வலத்தைத் தொடங்கியது.

இலங்கையோ இத்துறையில் பின்தங்கிய நாடன்று. மோட்டார்ச் சங்கம் இங்கே 1904 இலேயே அமைந்துவிட்டது. பிற்காலத்தில், 1960களிலும் 1970களின் முற்பகுதியிலும், வெளிநாட்டுச் செலாவணி அருகியமையால் புதிய வண்டிகள் வருவது அரிதாயிற்று. 2020 இல் மீண்டும் இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இலேயே தளர்த்தப்பட்டது. இருக்கும் வண்டியைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதையன்றி வேறு வழியில்லாத காலங்கள் அவை. இல்லாமையே கைத்திறனுக்குத் தாயாயிற்று. 1990களில் தென்னிலங்கைத் தொழிலாளர் கையால் உருவாக்கிய மொறிஸ் மைனர் உடற்பகுதித் தகடுகள் இங்கிலாந்திற்கே ஏற்றுமதியாகின. தாய்நாட்டில் கைவிடப்பட்ட வண்டிக்கு இத்தீவு புத்துயிர் அளித்தது எனலாம்.

மொறிஸ் என்னும் பெயர் ஈகையின் வரலாற்றிலும் இடம்பெற்ற பெயர். வில்லியம் மொறிஸ் 1877 இல் பிறந்தவர். 16 வயதில் 4 பவுண் முதலிட்டுச் சைக்கிள் திருத்தும் தொழிலைத் தொடங்கினார். 1913 இல் முதல் மொறிஸ் காரைச் செய்தார். நாளடைவில் பெருஞ் செல்வராகி, நவீல்ட் பிரபு எனப்பட்டார். 1938 இல், இளம்பிள்ளைவாதத்தால் மூச்சுத் தசைகள் செயலிழந்தோரைக் காக்கும் 'இரும்பு நுரையீரல்' என்னும் கருவியைத் தம் கார்த் தொழிற்சாலையிலேயே செய்வித்து, கேட்ட மருத்துவமனைகளுக்கெல்லாம் விலையின்றி வழங்க முன்வந்தார். 1943 இல் ஒரு கோடி பவுண் மதிப்புள்ள பங்குகளைக் கொண்டு நவீல்ட் அறக்கட்டளையை நிறுவினார். 1963 இல் அவர் மறைந்தபோது, ஈட்டிய செல்வத்தின் பெரும்பகுதி முன்னரே பிறர்க்குச் சென்றுவிட்டது.

அப்பெயர் யாழ்ப்பாணத்துக் கைதடி வரை வந்திருக்கின்றது. அங்குள்ள நவீல்ட் பாடசாலை, செவிப்புலனும் கட்புலனும் இழந்த சிறாருக்கானது. அதன் மூலவேரோ இரத்மலானையில் உள்ளது. மேரி சப்மன் என்னும் ஆங்கில அம்மையார் 1912 இல் தொடங்கிய பாடசாலையே நாளடைவில் இரத்மலானைச் செவிப்புலன், கட்புலன் இழந்தோர் பாடசாலையாக வளர்ந்தது. தமிழ்ப் பிள்ளைகள் தம் மொழியிலேயே கற்க 1950களில் கைதடிப் பாடசாலை எழுந்தது.

இரத்மலானையை அறிந்தோர்க்கு அது ஓசையின் ஊர். 1935 இல் முதல் விமானம் வந்திறங்கிய நிலையம் அங்கே. புகையிரத வேலைத்தளம் அங்கே. காலி வீதியின் ஓயாத இரைச்சலும் அங்கே. இத்தனை ஓசைக்கு நடுவே, ஓசையே கேளாத பிள்ளைகளும், ஓசையையே வழிகாட்டியாகக் கொண்ட பிள்ளைகளும் கல்வி பயில்கின்றனர். அவ்வூரில், அப்பிள்ளைகளின் நலனுக்காக ஒரு வாகனக் காட்சி நடப்பதாக நேயர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.

வாசலில் கூட்டம். உள்ளே துலக்கிய விளக்குகளும் கண்ணாடி போன்ற வண்ணப்பூச்சும். ஒவ்வொரு வண்டியின் முன்னும் 'தொடாதீர்' என்னும் அட்டை. மாலையில் மேடை அமைகின்றது. பிள்ளையொருவன் மேடைக்கு அழைக்கப்படுகின்றான். கையில் காசோலை தரப்படுகின்றது, படம் பிடிக்கப்படுகின்றது, கரவொலி எழுகின்றது. பின் அவன் இறக்கிவிடப்படுகின்றான். அன்று முழுவதும் அத்திடலிலிருந்த வண்டிகளுள் ஒன்றையேனும் அவன் அறிந்தானா? கட்புலன் இல்லாதவனுக்குத் தொடுதலே பார்வை. 'தொடாதீர்' என்னும் அட்டை அவனைப் பொறுத்தவரை 'பாராதீர்' என்னும் கட்டளையேயாகும்.

வண்டியுடையார் அஞ்சுவதிலும் நியாயமுண்டு. பல ஆண்டுகள் உழைத்துப் புதுக்கிய வண்டியில் ஒரு கீறல் விழுந்தாலும் நெஞ்சு பொறாது. ஆகையால் எல்லா வண்டிகளையும் திறந்துவிட வேண்டுமென்பதில்லை. உரியவர் மனமுவந்து தரும் இரண்டொரு வண்டிகள் போதும். இயந்திரத்தை நிறுத்தி ஆறவிட்டு, உரியவர் அருகில் நின்று, பிள்ளையின் கையைப் பற்றி வழிகாட்டினால் எத்தீங்கும் நேராது.

அந்தக் கை எதையெல்லாம் காணும்! மொறிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். அதை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ். 1948 இல் அது வெளிவருமுன், மாதிரி வண்டியின் அகலம் அவருக்கு நிறைவளிக்கவில்லை. முடிந்துவிட்ட வண்டியை நீளவாட்டில் இரண்டாக அறுத்து, பாதிகளை விலக்கி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் அகலமாக்கினார். அதன் அடையாளமாக முன்மூடியின் நடுவே ஒரு தட்டைப் பட்டி இன்றும் ஓடுகின்றது. கண்ணுள்ளோர் பலர் கவனியாது கடந்துவிடும் அப்பட்டியைப் பிள்ளையின் விரல் உடனே கண்டுகொள்ளும். செவிப்புலன் இழந்த பிள்ளைக்கும் அங்கே விருந்துண்டு. இயந்திரத்தை இயக்கி, முன்சில்லின் மேலுள்ள தகட்டில் உள்ளங்கையை வைத்தால், அதன் துடிப்பு கை வழியே ஏறும். தொடக்ககால மைனர் திரும்புமுன் கதவோரத் தூணிலிருந்து ஒரு சிறு கை வெளியே நீளும். சைகையால் பேசும் பிள்ளை, சைகையால் பேசும் வண்டியைக் கண்டு முறுவலிக்காதா?

பணத்தைப் பற்றியும் இங்கே ஒன்று கூறுதல் தகும். சீட்டுப் பணம் இவ்வளவு, செலவு இவ்வளவு, மிச்சம் இவ்வளவு என்ற கணக்கு, காட்சி முடிந்த சில நாள்களுக்குள் ஊரார் காணும் இடத்தில் ஒட்டப்பட வேண்டும். மிச்சம் எப்பொருளாயிற்று என்பதும் அதில் எழுதப்பட வேண்டும். பொருளைத் தெரிவு செய்வோர் ஆசிரியர்களாக இருத்தல் நன்று. சான்றாக, பேர்க்கின்ஸ் பிரெயில் எழுத்துப் பொறி 1951 இல் வந்தது. ஆறு புள்ளிகளுக்கு ஆறு விசைகள், மின்சாரம் வேண்டாம், பழுதுற்றால் திருத்தலாம். பழைய காரைப் போலவே தலைமுறை தாண்டி உழைக்கக் கூடியது. அத்தகைய பொறியொன்று வகுப்பறைக்கு வந்தால், அன்றைய காட்சி பல ஆண்டுகள் அங்கே நிகழ்ந்துகொண்டிருக்கும்.

ஊர் கூடித் தேர் இழுத்தல் என்பது பழமொழி. அறத்தைப் பெறுவோரும் அவ்வூரைச் சேர்ந்தவர்களே. வடத்தில் அவர்கள் கைக்கும் இடம் வேண்டும். முடிந்துவிட்ட வண்டியையே அறுத்து 4 அங்குலம் அகலமாக்க ஒருவர் துணிந்தார். அவ்வண்டி பின்னர் 16 இலட்சம் பேருக்கு மேல் பயன்பட்டது. ஊரில் நடக்கும் காட்சியையும் அவ்வாறே சற்று அகலமாக்கினால் போதும். 'தொடாதீர்' என்னும் அட்டையை ஒரு வண்டியிலிருந்தேனும் எடுத்துவிடுவது அதற்கு நல்ல தொடக்கமாகும்.