இரைப்பை அழற்சி



வயிற்றெரிவு என்ற பேச்செழாத வீடு நம்மிடையே குறைவு. எரிவு கண்டதும் நாம் பழி சுமத்துவது பச்சைமிளகாயின் மீது. அது தப்பினால் கவலையின் மீது. வைத்திய உலகமும் வெகுகாலம் ஏறக்குறைய இப்படியே எண்ணியிருந்தது. புளிப்பமிலம் நிறைந்த இரைப்பையிலே கிருமி நிலைத்து வாழாது என்பது அக்காலத்து முடிவு.

அம்முடிவைத் தகர்த்தவர்கள் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரத்து வைத்தியர்களாகிய ரொபின் வாரனும் பரி மார்ஷலும் ஆவர். அழற்சியுற்ற இரைப்பையின் உட்படையிலே சுருள்வடிவக் கிருமியொன்றை அவர்கள் கண்டனர். அதை வளர்க்கச் செய்த முயற்சிகள் பலமுறை தோற்றன. 1982இல் உயிர்த்த ஞாயிறு விடுமுறையின்போது வளர்ப்புத் தட்டுகள் ஐந்து நாள் அப்படியே கிடந்துவிட்டன. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது! அப்பொழுதும் பலர் நம்பினாரில்லை. 1984இல் மார்ஷல் அக்கிருமி கலந்த நீரைத் தாமே குடித்தார். சில நாளில் வாந்தி கண்டது. குழாய்விட்டுப் பார்த்தபோது இரைப்பை அழன்றிருந்தது. (நம் இளைஞர் இதனைப் பின்பற்ற வேண்டியதில்லை.) 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

நாட்பட்ட அழற்சிக்கு உலகெங்கும் தலையாய காரணம் ஹெலிக்கோபக்டர் பைலோரி என்னும் இக்கிருமியே. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே தொற்றிவிடுகிறது. கவனியாது விட்டால் சிலருக்குப் புண்ணாகும். மிகச் சிலருக்குப் புற்றுநோயும் ஆகும். மூச்சையோ மலத்தையோ சோதித்து இதனை அறியலாம். அமிலம் குறைக்கும் மருந்தோடு கிருமிகொல்லி மருந்துகளையும் வழக்கமாகப் பத்து முதல் பதினான்கு நாள் தருவர். நாலாம் நாள் சுகம் தெரிந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவது நம்மவர் வழக்கம். எஞ்சிய கிருமி பின்னர் அம்மருந்துக்கு மசியாது போகலாம்.

மற்றொரு காரணம் நோவு மாத்திரை. முழங்கால் வலிக்கென்று மூத்தோர் கடையில் வாங்கி விழுங்கும் டைக்குளோபினாக், ஐபுபுரோபன் முதலியவை இரைப்பையைக் காக்கும் சளிப்படலத்தை நலிவிக்கின்றன. விரத நாளில் வெறுவயிற்றில் இவற்றை விழுங்குவோரையும் கண்டிருக்கிறோம். இதயநோய்க்கு அஸ்பிரின் எடுப்போர் மட்டும், வைத்தியரைக் கேளாமல் அதை நிறுத்தலாகாது.

உணவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மிளகாய் இந்நோயை உண்டாக்குவதில்லை. எரிவைக் கூட்டினால் குறைத்துக்கொள்வோம். பால் சற்றே ஆற்றும், பின்பு அமிலத்தைச் சுரக்கச் செய்யும். புகையையும் மதுவையும் விடுவதே மேல்.

மலம் தார்போலக் கறுத்தாலும், இரத்தவாந்தி கண்டாலும் அன்றே ஆசுபத்திரிக்குப் போகவேண்டும். காரணமின்றி உடல் மெலிந்தாலும், விழுங்குவது கடினமானாலும் வைத்தியரைக் காணத் தாமதிக்கலாகாது. இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுப்பதுண்டு; ஆனால் எது எதனால் என்பதை வீட்டுத் திண்ணையில் இருந்து நாம் தீர்மானிக்க முடியாது.