கோழியிடமே கேட்போம்



உங்கள் பள்ளியின் சத்துணவுத் தட்டில் இருக்கும் முட்டை, பெரும்பாலும் எங்கள் நாமக்கல் வட்டாரப் பண்ணைகளிலிருந்து வருவது. அதை இட்ட கோழியைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், கோடை தொடங்கிய நேரம். கோழிப்பண்ணை ஒன்றைப் பார்க்க வந்த அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தீவனச் செலவையும் முட்டைக் கணக்கையும் விளக்கிக்கொண்டிருந்தேன். கோழிகள் அலகைத் திறந்தபடி மூச்சு வாங்கின. ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "சார், இதுக்கெல்லாம் ஒடம்பு சரியில்லீங்களா?" என்றாள். "வெயில் காலத்துல இப்படித்தாம்மா இருக்கும்" என்றேன். "அப்ப, பழகிருச்சுங்களா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. மூச்சிரைத்துத்தான் உடற்சூட்டைத் தணிக்க வேண்டும். அதிகம் இரைக்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. ஓடு உருவாகத் தேவையான கார்பனேட்டும் குறைந்து, முட்டை ஓடு மெலிகிறது. இதில் பண்ணையாளருக்கும் நட்டம். அதனால்தான் கூரைமேல் தென்னங்கீற்று வேய்கிறார்கள், தண்ணீர் தெளிக்கிறார்கள், வெயில் தாழ்ந்தபின் தீவனம் வைக்கிறார்கள்.

ஆனால் எல்லாத் துன்பமும் முட்டைக் கணக்கில் தெரிவதில்லை. கூண்டுக் கோழி நன்றாகவே முட்டையிடும். அதற்கு என்ன குறை என்று எப்படி அறிவது? 1970களில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் மரியன் டாக்கின்ஸ் என்ற ஆய்வாளர், கோழிக்கு இரண்டு இடங்களைக் காட்டி எதைத் தேர்ந்தெடுக்கிறது என்று பார்த்தார். முட்டையிடும் நேரம் நெருங்கினால், கூடுபெட்டியை அடைய எடை கூடிய கதவையும் கோழி தள்ளிக்கொண்டு போகும் என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் வெற்றுக் கம்பிக் கூண்டுகளைத் தடை செய்தது. நம் நாட்டுச் சட்ட ஆணையமும் 2017இல் முட்டைக் கோழி வளர்ப்பு பற்றி அறிக்கை அளித்தது.

கூண்டை மாற்றினால் செலவு கூடும், முட்டை விலையும் ஏறும். ஏழைக் குழந்தையின் தட்டை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. கோழியை மறந்துவிட்டும் பேசக் கூடாது.

உயிர்களிடம் பரிவு காட்டுவது அரசமைப்புச் சட்டத்தின் 51அ பிரிவு சொல்லும் கடமை. அதை மனப்பாடப் பகுதியாக மட்டும் விட்டுவிடாதீர்கள். மாணவர்கள் வீட்டுக் கோழியையோ ஆட்டையோ பத்து நிமிடம் கவனிக்கட்டும். கண்டதை ஒரு பக்கத்திலும், ஊகித்ததை மறுபக்கத்திலும் எழுதட்டும். அறிவியலும் பரிவும் அங்கே சேர்ந்தே வளரும்.

அந்தச் சிறுமியை இன்று பார்த்தால் சொல்வேன்: "பழகலம்மா, தாங்கிக்கிட்டு இருக்குது."