விதைக்கும் முன்பே ஒரு பங்கு

1986-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் இரண்டு பண்ணைகள் ஒரு புது ஏற்பாட்டைத் தொடங்கின. விதைக்கும் முன்பே குடும்பங்கள் பணம் கட்டிவிடும். விளைந்ததில் வாராவாரம் ஒரு பங்கு கிடைக்கும். ஜப்பானில் இதுபோன்ற ஏற்பாடு எழுபதுகளிலேயே உண்டு.

அமெரிக்காவில் இப்படிப் பங்கு தரும் பண்ணையில் சேர நினைப்பவர்கள், வீட்டில் எத்தனை பேர் என்பதைவிட வாரத்தில் எத்தனை நாள் அடுப்பு எரிகிறது என்று பார்ப்பது நல்லது. அரைப் பங்கு தரும் பண்ணைகளும் இருக்கின்றன. கூடையில் என்ன வரும் என்பதை நிலம்தான் முடிவு செய்யும். ஜூன் மாதம் கீரையாகக் குவியும், தக்காளிக்குக் காத்திருக்க வேண்டும். கீரையைக் கண்டாலே முகம் சுளிக்கும் பிள்ளைகளா? காய்களை நாமே பொறுக்கிக்கொள்ள விடும் பண்ணைதான் சரி. ஆலங்கட்டி மழையில் பயிர் போனால் நஷ்டத்திலும் பங்கு உண்டு. பெரும்பாலும் பணம் திரும்பாது. ஆகவே, கட்டுவதற்கு முன் விவசாயியிடம் நேரில் பேசிவிடுங்கள்.