மருந்துப் போத்தலைப் பூட்டிவையுங்கள்

ஊர் திரும்பிய பிறகுதான் சிலருக்கு மனம் உடைகிறது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் தற்கொலைகள் குறைந்திருந்ததை மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் பதிவுசெய்திருக்கிறார். ஓடும்போது அழ நேரமில்லை. வெறும் வளவில் வந்து நிற்கும்போதுதான் இல்லாதவர்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

அயலில் ஒருவர் சாப்பாட்டை வெறுத்து, யாரோடும் கதையாமல் இருந்தால், "சாகவேணும் போல இருக்கோ?" என்று நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஓம் என்றால் தனியே விடாதீர்கள். புத்திமதி வேண்டாம், பக்கத்தில் இருங்கள். பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிச்செல்லுங்கள், இரவென்றாலும் 1926 உளநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம்.

இலங்கையில் 1995இல் கடும் நச்சுப் பூச்சிமருந்துகள் நிறுத்தப்பட்டன. பத்தாண்டில் தற்கொலை வீதம் ஏறத்தாழப் பாதியானது. கவலை குறைந்தா? இல்லை, குடித்தவர்கள் பிழைத்தார்கள். பலருக்கு அது சற்றுநேர வேகம்தான். தோட்டத்து மருந்தை இன்றே பூட்டி, திறப்பை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள்.